வெண்கல ஆந்தைகள்

சேலத்தில் ஒரு கண்காட்சியில் என் மனைவி அந்த வெண்கல ஆந்தைகளை வாங்கினாள். ஜோடி. அடுக்கின் இரு கோடியிலும் வைத்தால் நடுவில் நிற்கும் புத்தகங்கள் சாயாமல் முட்டுக் கொடுக்கும். கடையில் யானை இருந்தது, குதிரை இருந்தது. ஆந்தைதான் வேண்டும் என்று நின்றாள். வெளிநாட்டில் அது அறிவுக்கு அடையாளமாம். வடக்கே லட்சுமிக்கு வாகனமாம். பள்ளிக்கூட டீச்சரிடம் வாயைக் கொடுத்து நான் ஜெயித்ததே இல்லை. எங்கள் பக்கத்தில் ஆந்தைக்கு இருப்பது ஒரே அர்த்தம். அது கூரையில் உட்கார்ந்து கத்தினால் அந்த வீட்டில் ஓர் உயிர் போகும்.

எடப்பாடியில் தறி ஓட்டும் என் அக்கா அவற்றைப் பார்த்த அன்றைக்கே முகத்தைச் சுளித்தாள். "ஏஞ்சாமி, ஊட்டுக்குள்ள வெக்கற பொருளா இது?"

"அது கத்தாதுங்க நங்கையா. அதுக்கும் சேத்து நீங்கதான் கத்தறீங்களே" என்றாள் இவள். புருஷனின் அக்காவை எங்கள் ஊரில் நங்கையா என்பார்கள். அக்காவே சிரித்துவிட்டாள். அதன்பிறகு வரும்போதெல்லாம் ஆந்தைகளை முறைப்பாளே தவிர, இவள் ஆசைப்பட்டு வாங்கியது என்று விரல் நுனிகூட வைத்ததில்லை. அவ்வளவு ஒட்டுதல் இருவருக்கும்.

பல வருஷம் கழித்து இவளுக்கு வயிற்றுவலி வந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். புற்று ஈரல் வரைக்கும் போயிருந்தது. டாக்டர் என்னைத்தான் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். எங்கள் சனத்தில் இது எழுதாத சட்டம். ஊருக்கெல்லாம் தெரியலாம், நோயாளிக்கு மட்டும் தெரியக்கூடாது. குடலில் புண், ஆற நாளாகும் என்று அக்கா ஒரு கதை கட்டினாள். ஆப்பிள் பையோடு பார்க்க வந்த அத்தனை பேரும் அதையே ஒப்பித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கும் நா எழவில்லை.

இவளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வருவதற்கு முதல் நாளே, வீட்டைக் கழுவி வைக்க அக்கா சங்ககிரியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் இவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டி வந்தேன். அடுக்கில் ஆந்தைகளைக் காணோம். இரு கோடியிலும் மஞ்சள் துணி சுற்றிய செங்கல் நின்றது.

"தூசி அடஞ்சு கெடந்துச்சு சாமி, வெளக்கக் குடுத்திருக்கறேன்" என்றாள் அக்கா. பாழுங்கிணற்றில் போட்டுவிட்டதைச் சமையல்கட்டில் என் காதோடு சொன்னாள். வெண்கலம் என்ன பாவம் செய்தது என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கண்கள் வீங்கியிருந்ததைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அக்கா கடைக்குப் போனதும் இவள் என்னைக் கட்டிலருகே கூப்பிட்டாள்.

"இத்தன வருசமா நங்கையா அதத் தொட்டதில்லீங்க. வெறும் புண்ணுன்னா இப்பவும் தொட்டிருக்க மாட்டாங்க. எனக்கு என்னங்க?"

சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அழுதது நான்தான். அவள் என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியும்னு நங்கையாகிட்டச் சொல்லிப்போடாதீங்க. ஆந்தைய எடுத்ததாலதான் எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னா தாங்க மாட்டாங்க" என்றாள் பிறகு.

அக்கா தறியை விட்டுவிட்டு எங்களோடேயே தங்கிவிட்டாள். கஞ்சி ஊட்டும்போதெல்லாம், "தை பொறந்தா பள்ளிக்கொடம் போயிருவ சாமி" என்பாள். இவள் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்க நங்கையா" என்பாள். எலும்பும் தோலுமாகி, அதைச் சொல்லவே மூச்சு வாங்கிய நாட்களிலும் சொன்னாள். நான் அந்த நேரத்தில் வாசலுக்குப் போய் நின்றுகொள்வேன்.

மார்கழியிலேயே போய்விட்டாள். காரியம் முடிந்து சனம் கலைந்ததும் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கடேசி வரைக்கும் அவளுக்குத் தெரியாமயே பாத்துக்கிட்டோம் தம்பி. அந்த ஒண்ணாச்சும் நம்மளால முடிஞ்சுது" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன்.