சின்ன மாமாவின் வலது தோள்

மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அப்பாவின் பிளக்ஸ் டிசைன் கடை. காதுகுத்து, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் அப்பா கம்ப்யூட்டரில் வடிவமைத்து அனுப்புவார். தருமபுரியில் அச்சாகி பஸ்ஸில் வந்து சேரும். வழுக்கைக்கு முடி வைப்பார், கறுத்த முகத்துக்கு வெள்ளையடிப்பார். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. கம்ப்யூட்டர் தெரிந்த பெண் என்று உறவில் பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரைப் பரப்பியதே நான்தான். கம்ப்யூட்டரில் இடம் நிறைந்து திணறும்போது பழைய வேலைகளைச் சுருக்குவது என் பொறுப்பு. அப்பா ஒரு பேனரை அடுக்கடுக்காகச் செய்வார். ஆள் ஓர் அடுக்கு, எழுத்து ஓர் அடுக்கு, பின்னாலிருக்கும் கோபுரம் ஓர் அடுக்கு. பிஎஸ்டி என்ற அந்தக் கோப்பு இருந்தால் எதையும் தனியாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது ஏகப்பட்ட இடத்தைப் பிடிக்கும். அதையே ஜேபிஜியாகச் சேமித்தால் சின்னதாகிவிடும். எல்லாம் ஒரே படமாக ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. போன வருடத்து வேலைகளை மட்டும் ஜேபிஜியாக்கிவிட்டுப் பெரிய கோப்புகளை அழிக்கச் சொல்லியிருந்தார் அப்பா. நான் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, அந்த வாரம் செய்தவற்றையும் சேர்த்து அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

அழித்தவற்றில் சின்ன மாமாவின் கல்யாண பேனரும் ஒன்று. அவர் அம்மாவின் தம்பி. குட்டியானை வண்டியில் தக்காளி லோடு ஓட்டுபவர். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அவரைக் கடை வாசலில் நிற்கவைத்து அப்பா தன் கேமராவில் எடுத்த படமும், பெண் வீட்டிலிருந்து வந்த படமும்தான் பேனரில் இருந்தன. கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து படமெடுப்பதை எங்கள் வீட்டில் அப்போது ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்பாதான் அவர்களைக் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பெண்ணின் தலையிலிருந்த மல்லிகைச் சரமும் அவள் தோளும் மாமாவின் வலது தோளை மறைத்தன.

திங்கட்கிழமை விடிகாலையில் ஓசூர் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் வண்டி கவிழ்ந்து சின்ன மாமா இறந்துபோனார்.

தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வருவதற்குள் மாமா வீட்டுத் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியாக வேண்டும். அப்பா கம்ப்யூட்டரில் தேடினார். கேமராவை அடுத்த விசேஷத்துக்காக ஏற்கெனவே காலி செய்திருந்தார். மாமாவின் போன் வண்டியோடு நசுங்கிவிட்டது. பேனருக்குப் பெரிதாக்கும் அளவுக்குத் தெளிவான படமாக மிஞ்சியிருந்தது அந்த ஒட்டிப்போன ஜேபிஜி ஒன்றுதான்.

"பெரிய ஃபைலு எங்க பாப்பா?" என்று கேட்டார்.

நான் திரையிலிருந்த காலிக் குப்பைத்தொட்டியைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பின்னால் நின்ற பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், திரையையே பார்க்கவில்லை. "அந்தப் புள்ளையோட நெழலுகூட இதுல இருக்கக் கூடாதுங்க மாப்ள," என்றார். வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே ஆளை விழுங்கிவிட்டாள் என்று அதற்குள் எல்லோரும் பேசத் தொடங்கியிருந்தார்கள். அச்சாகி வந்திருந்த கல்யாண பேனரைப் பெரிய மாமா காலையிலேயே எரித்துவிட்டார்.

அப்பா அந்த ஜேபிஜியின் பிரதி ஒன்றில் பெண்ணை அழித்தார். அவள் இருந்த இடத்தில் மாமாவுக்குத் தோள் இல்லை. கடைசியில் இடது தோளை நகலெடுத்து, திருப்பி, வலது பக்கம் ஒட்டினார். அழுதுகொண்டேதான் செய்தார். அவசரத்தில் சட்டைப் பாக்கெட்டும் கூடவே வந்துவிட்டது. மத்தியானம் தெருமுனையில், அவர் ஒருநாளும் போட்டிராத இரண்டு பாக்கெட் சட்டையில் சின்ன மாமா சிரித்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு அதைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் அந்தப் பெண் தன் அம்மாவோடு வந்தாள். சாவு வீட்டுப் பந்தலுக்குள் அவளை விடவில்லை. பேனருக்கு அடியிலேயே நின்றாள். நிச்சயதார்த்தத்தில் பார்த்திருந்ததால் என்னை அடையாளம் தெரிந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்றிருந்தது.

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தாப்ல இருக்கற மாதிரி உங்கப்பா பேனர் போட்டிருக்காருன்னு உங்க மாமா போன்ல சொன்னாரு கண்ணு. நான் இன்னும் பாக்கல. அது கம்ப்யூட்டர்ல இருக்குதா?"

நான் செய்த காரியம் இவள் வரைக்கும் போய்விட்டது, விசாரிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"இல்லீங்க. அழிச்சாச்சுங்க," என்றேன். ஜேபிஜி இருக்கிறது என்றால் பெரிய ஃபைல் எங்கே என்று அவளும் கேட்பாளோ என்று பயம்.

அவள் கையை விட்டாள். பிறகு அவள் அம்மா அவளை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

ஆண்களெல்லாம் சுடுகாட்டுக்குப் போனதும் நான் வீட்டுக்கு ஓடினேன். சொன்ன பொய்யில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று அந்த ஜேபிஜியையும் அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். அப்போதுதான் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு வந்தது. நான் தப்பாகச் சேமித்த அந்தப் படம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது என்பது எனக்கு அன்று தெரியவில்லை.