குன்று முந்திக்கொண்ட மாலை

என் கணவர் எதையும் நேரத்துக்கு முன்னால் செய்தவரில்லை. கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கே அவரைத் தேடிப் பிடித்துத்தான் அழைத்து வந்தார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் முந்திக்கொண்டார். அந்த ஒரு நாளை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

எண்பதுகளின் நடுவில் திருத்தணிக்கு வெளியே ஒரு சின்னக் குன்றின் மேல் டி.வி. கோபுரம் நிறுத்தினார்கள். மலை என்றால் எங்கள் ஊரில் கோயில் மலைதான். அதனால் இதற்குக் குன்று என்றே பெயராகிவிட்டது. இரண்டு அறைகள், வானத்தைப் பார்த்து ஒரு பெரிய தட்டு, ஒரு இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் சிவப்பு விளக்கு. தில்லியிலிருந்து வருவதை வாங்கி அப்படியே ஊருக்கு அனுப்புவதுதான் அங்கே வேலை. என் கணவர் அங்கே டெக்னீஷியன். மாலையில் கருவியைப் போடுவதும், நிகழ்ச்சி முடிந்ததும் நிறுத்துவதும் அவர் பொறுப்பு.

குன்று வருவதற்கு முன்பே எங்கள் தெருவில் சில வீடுகளில் டி.வி. இருந்தது. உயரமாகக் குழாய் நட்டு, ஆன்டெனாவில் பூஸ்டர் மாட்டி, சென்னை நிலையத்தை இழுத்துப் பார்ப்போம். படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். இருந்தாலும் தமிழ். குன்று வந்த பிறகு படம் பளிச்சென்று வந்தது, ஆனால் இந்தி பேசியது. அதோடு இன்னொரு தொல்லை. குன்றில் கருவியைப் போட்டதும் அதன் பலமான அலையில் சென்னையின் மெலிந்த அலை அடங்கிப்போகும். அதனால் குன்று எழுவதற்குள் தமிழைப் பார்த்து முடிக்கத் தெருப் பெண்கள் பழகிக்கொண்டார்கள். கருவியைப் போடும்போதே சிவப்பு விளக்கையும் போடுவார்கள். அது எரிந்தால், "குன்னு ஏந்துகிச்சு" என்று சொல்லிக்கொண்டே உலை வைக்க எழுந்து போவார்கள்.

நான் அந்தக் காலத்தில் வானொலியில் பேசிக்கொண்டிருந்தேன். பெரிய சாதனை ஒன்றுமில்லை. மகளிர் நிகழ்ச்சிக்கு வேடிக்கையாக ஏதாவது எழுதி அனுப்புவேன், கூப்பிட்டால் ரயிலேறிப் போய்ப் படித்துவிட்டு வருவேன். அவருக்கு அதில் பெருமைதான். டிரான்சிஸ்டரைக் குன்றுக்கே எடுத்துக்கொண்டு போய்க் கேட்பார். வானொலியில் முகம் தெரியாது என்பதால்தான் அந்தப் பெருமை என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பிறகு டி.வி.யிலிருந்து கூப்பிட்டார்கள். ஆண்கள் வீட்டில் ஒரு பொருளைத் தேடும் அழகைப் பற்றி எழுதியிருந்தேன். கண்ணெதிரே கிடக்கும் சீப்புக்காக வீட்டையே கவிழ்த்துவிட்டு, கடைசியில் நம்மைத் திட்டுவார்களே, அதுதான் விஷயம். அவரே படித்துப் பார்த்துச் சிரித்தார். சென்னைக்குத் துணைக்கு வந்தார். ஒளிப்பதிவு முடிந்ததும் காப்பி வாங்கிக் கொடுத்து, "நல்லா பேசின" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒளிபரப்பாகும் நேரம் தெரிந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. நான் பேசி முடிப்பதற்கும் குன்று எழுவதற்கும் கொஞ்சம்தான் இடைவெளி. டி.வி.யில் வருவதைப் பிடித்துவைத்து மறுபடி பார்க்கும் பெட்டி எதுவும் எங்கள் தெருவில் இல்லை. போனால் போனதுதான்.

"ஏங்க, அன்னிக்கு மட்டும் கொஞ்சம் லேட்டா போட முடியாதா?" என்று கேட்டேன்.

"நான் என்னிக்குமா சீக்கிரம் போட்டுகினு இருக்கேன்? நீ பேசி முடிச்சு எழுந்து போன அப்புறம்தான் குன்னு ஏந்துக்கும். போ, போய் வேலையப் பாரு."

அந்தப் பேச்சு எங்கள் தெருவுக்குக் கிடைத்தே ஆகவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி இருந்தது. நான் பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரி. பாதித் தெலுங்கு கலந்துதான் என் வாயில் தமிழ் வரும். வாழ வந்த புதிதில் நான் வாயைத் திறந்தாலே இந்தத் தெரு சிரிக்கும். என் ஓரகத்தி நான் பேசியதை அப்படியே பேசிக்காட்டிக் கூட்டம் சேர்ப்பாள். அவர்களெல்லாம் உட்கார்ந்து, இந்த முறை நான் சிரிக்கச் சொன்ன இடத்தில் சிரிக்க வேண்டும். அதை நான் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். வீடு வீடாகப் போய் நானே சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மாலை எங்கள் கூடத்தில் நிற்க இடமில்லை. நாங்கள் நைனா என்று கூப்பிடும் என் மாமனார், வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அறிவிப்பாளர் என் பெயரைச் சொன்னார். என் முகம் வந்தது. யாரோ கை தட்டினார்கள். நான் சீப்பைப் பற்றி முதல் இரண்டு வாக்கியம் பேசியதும் ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவ்வளவுதான். பட்டை பட்டையாகக் கோடுகள் வந்து என் முகத்தை மூடின. கூ என்று ஒரே ஓசை. நிகழ்ச்சி தொடங்குமுன் குன்றிலிருந்து அனுப்பும் சோதனைப் படம் அது.

ஆன்டெனாதான் நகர்ந்துவிட்டது என்று நைனா மாடிக்கு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக்கூடாது. மேலேயிருந்து குழாயைத் திருப்பித் திருப்பி, "இப்ப வருதா? இப்ப?" என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளிச்சம் இன்னும் மங்கக்கூட இல்லை. குன்றில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோடுகள் மறைந்து இந்தி வந்தபோது பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். "கெழவரு திருப்பியே கெடுத்துட்டாரு" என்று ஒருத்தி சொல்லிக்கொண்டு போனது மாடிவரை கேட்டிருக்கும்.

அவர் வீட்டுக்கு வந்ததும், கேட்காமலே காரணம் சொன்னார். "ஆபீசர் வந்துட்டாரு. சீக்கிரம் போடு, செக் பண்ணணும்னு பக்கத்துலயே நிக்கிறாரு. நான் இன்னா பண்றது?"

நான் அதையும் நம்பினேன். அவருக்குத்தான் மனசு கஷ்டமாக இருக்கும் என்று நினைத்து, சுடச்சுட இரண்டு தோசை கூடுதலாகப் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மறுநாள் காலை, குன்றின் காவலாளி எங்கள் டிபன் கேரியரைக் கொடுக்க வந்தார். நல்ல மனிதர். எங்கள் ஊரில் டி.வி.யில் எது வந்தாலும் அது எங்கள் குன்றிலிருந்துதான் வருகிறது என்று நினைப்பவர்.

"நேத்து நல்லா தெரிஞ்சீங்களா அண்ணி? சாருக்குத்தான் எவ்ளோ ஆசை! டீ குடிக்கக் கூட ஒக்காரல. வந்ததும் மெஷினைப் போட்டுட்டாரு. வீட்டம்மா வராங்கன்னுதான் அவசரம்னு நான் சிரிச்சுகினு இருந்தேன்."

"ஆபீசர் ஒண்ணும் சொல்லலியா?"

"ஆபீசரா? அவரு இந்தப் பக்கம் எங்க வந்தாரு?"

கேரியரை வாங்கி உள்ளே வைத்தேன். என் கணவர் பின்கட்டில் சவரம் செய்துகொண்டிருந்தார். ஆபீசர் வரவில்லையாமே என்று கேட்டேன். கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"ஆங், வரல. மெட்ராஸ் பூரா உன்னெ பாத்துச்சில்ல? லட்சம் பேரு பாக்கட்டும், எனக்கு இன்னா? நான் இந்த பஜார்ல நடக்கணும். டீக்கடையில, 'இன்னாப்பா, சீப்பு கெடச்சுதா'ன்னு கேப்பானுங்க."

"மெட்ராஸ்ல எனக்கு யாருங்க இருக்காங்க?"

அவர் அடுத்த கன்னத்துக்கு சோப்பு தடவ ஆரம்பித்தார். மணவூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா முழுசாகப் பார்த்து ரசித்தாளாம். குன்றின் அலை அவ்வளவு தூரம் எட்டாது. நான் குடித்தனம் செய்கிற ஊருக்கு மட்டும்தான் நான் கிடைக்கவில்லை. போகாதே என்று முதலிலேயே தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், இரண்டு நாள் பட்டினி கிடந்திருப்பேன், பிறகு சரியாகியிருக்கும். இவர் கூடவே வந்து, காப்பி வாங்கிக் கொடுத்து, நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தார்.

அன்று மத்தியானம் அப்பாவும் பிள்ளையும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"என்னாலதான்மா கெட்டுது. குழாய அந்தப் பக்கம் திருப்பியிருக்கணும். தெருவே பாக்க வந்துச்சு. மனசுல வச்சுக்காதம்மா" என்றார்.

நான் அவர் பிள்ளையைப் பார்த்தேன். எனக்காக வேண்டாம், அப்பனுக்காகவாவது வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் ரசத்தை உறிஞ்சினார்.

"உங்க மேல தப்பு இல்ல நைனா. குன்ன முன்னாடியே போட்டுட்டாங்க."

நைனா நிமிர்ந்து மகனைப் பார்த்தார். "உன் டூட்டிதானேடா?"

"ஆபீசர் வந்துட்டாரு நைனா" என்றார், கொஞ்சமும் கூசாமல், என் முகத்துக்கு நேராக.

நைனாவுக்கு அப்படி ஒரு நிம்மதி. "அதான பாத்தேன். மேல இருக்கறவன் சொன்னா அவன் இன்னாம்மா பண்ணுவான், பாவம்" என்று என்னைச் சமாதானப்படுத்திவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

அந்தப் பாவப்பட்டவர் இலையை வழித்துவிட்டு மோர் ஊற்றச் சொன்னார். மோர் இல்லை என்றேன். சட்டி நிறைய மோர் அவர் கண்ணெதிரேதான் இருந்தது.