அக்கா டே ஸ்காலர் ஆனது

நான் பொறியியல் பட்டம் வாங்கியவன். என் அக்கா பட்டம் வாங்காதவள். எங்கள் இருவரில் கணக்கு நன்றாக வந்தது அவளுக்குத்தான். சென்னைக் கல்லூரி ஒன்றில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, தினமும் போய்வரும் அலைச்சல் தாங்காமல் மூன்றாம் வருஷம் நின்றுவிட்டாள். இப்போது வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேன்டீனைக் கவனித்துக்கொள்கிறாள். அவளிடம் தட்டை நீட்டி நிற்கும் பெண்களில் பலர் பட்டதாரிகள். அக்கா ஏன் படிப்பை விட்டாள் என்று யாராவது கேட்டால், 'அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகள் நிலைமை அப்படி' என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன். தலை நரைத்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருக்க வெட்கமாக இருக்கிறது. அந்த நிலைமையில் என் கையும் இருந்தது. கையில் ஒரு ஸ்கேலும் இருந்தது.

1991இல் எனக்குப் பன்னிரண்டு வயது. வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா நெல் பயிரிட்டார். என்னை ஸ்ரீபெரும்புதூரில் கான்வென்டில் போட்டிருந்தார்கள். டை, ஷூ, முழுக்க இங்கிலீஷ். அக்கா அரசுப் பள்ளியில் தமிழில் படித்தாள். இதில் யாருக்கும் வஞ்சகம் கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவதுபோல அது தானாக நடந்தது.

அந்த மே மாதக் குண்டுவெடிப்பால் எங்கள் தாலுகா ஊரான ஸ்ரீபெரும்புதூரின் பெயர் உலகத்துப் பத்திரிகைகளில் எல்லாம் வந்திருந்தது. பஸ்ஸை நிறுத்தி நிறுத்திப் பைகளைச் சோதித்தார்கள். பெரியவர்கள் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். அந்த மௌனத்தின் நடுவே பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. அக்கா பள்ளியில் முதல். கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. தெருவே திரும்பவும் சத்தமாகப் பேச ஆரம்பித்தது. நான் பேப்பரைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இரண்டு தெரு ஓடினேன். அக்காவின் கணக்கு டீச்சர் மெட்ராஸிலிருந்து ஒரு பெண்கள் கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தைத் தானே வாங்கி வந்து கொடுத்தார். கொடுக்கும்போது அப்பாவிடம் சொன்னார், "ஹாஸ்டல்ல சேத்துடுங்க. இவ்ளோ தூரம் தினமும் வந்து போனா பஸ்லயே தூங்கிடும், படிக்க முடியாது."

அன்று சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார். "ஹாஸ்டலுக்கும் கட்டி இவனுக்கும் கட்ட முடியாது. பையன நம்ம ஊரு ஸ்கூல்லயே போட்டுட வேண்டியதுதான். அது படிக்கட்டும், பாவம்." கோபமாகச் சொல்லவில்லை, வயலில் எந்த மடையைத் திறப்பது என்று யோசிப்பவர் குரல்தான் அது.  டை போட்டுக்கொண்டு பஸ் ஏறும் என்னைத் தெருவே பார்க்கும். அதை இழப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம். வீட்டில் இங்கிலீஷ் படிப்பவன் நான்தான் என்பதால் பேனா என்னிடம் வந்தது. அக்கா பக்கத்தில், அப்பா எதிரில், அம்மா கதவருகே, பக்கத்து வீட்டு அத்தை எல்லோருக்கும் நடுவில். பெயர், தகப்பனார் பெயர், தொழில் எல்லாம் எழுதினேன். பிறகு ஒரு வரி: ஹாஸ்டலர், டே ஸ்காலர். பொருந்தாததை அடித்துவிட வேண்டும்.

 ஹாஸ்டலர் என்றால் பணம் கட்டி ஹாஸ்டலில் இருப்பவர். ஸ்காலர் என்றால்? ஸ்காலர்ஷிப் வாங்கி ஹாஸ்டலில் இலவசமாக இருப்பவர் என்று ஒரு நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. டே எதற்கு? காலேஜ் பகலில்தானே நடக்கிறது. நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாங்கிய அக்கா ஸ்காலர் இல்லாமல் வேறு யார்?

"அப்பா, எல்லாம் இலவசம்பா" என்றேன். "அக்கா டே ஸ்காலர்."

"டேய் ஸ்காலரா?" என்றாள் அத்தை. "இன்னாடா இது, பொம்பளப் புள்ளையப் போயி டேய்னு போட்டுக்கீறாங்க. மருவாதியா டீ ஸ்காலர்னு எழுதச் சொல்லு."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. "நல்லாப் பாத்தியாடா? இலவசம்னு போட்டுக்கீதா?" என்று இரண்டு தரம் கேட்டார். நான் ஸ்கேலை வைத்து ஹாஸ்டலர் என்ற வார்த்தையை ஒரே கோடாக அடித்தேன். அக்கா அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தாள். பிறகு என் தலையில் செல்லமாகக் குட்டி, "கையெழுத்து அழகா கீதுடா" என்றாள்.

மூன்று நாளைக்குள் ஊரில் எல்லோரும் அக்காவை டே ஸ்காலர் என்று அழைத்தார்கள். அம்மா படிவத்தை வல்லக்கோட்டை முருகன் சந்நிதிக்கு எடுத்துப் போனாள். குருக்கள் வைத்த குங்குமத்தில் ஒரு துளி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் அப்பாவுக்கு உட்கார இடம் விட்டார்கள். கண்டுபிடித்தவன் நான் என்பதால் எனக்கும் ஒரு வடை கிடைத்தது.

பள்ளி திறந்ததும் என் வகுப்பில் புதிதாக ஒரு பையன் சேர்ந்தான். அவன் அப்பா கம்பெனி அதிகாரி. அதுவரை மலைப் பிரதேசப் பள்ளி ஒன்றில் படித்தவன். இடைவேளையில் சொன்னான், "அங்க நான் ஹாஸ்டலர். இங்கதான் டே ஸ்காலர்."

"நீ அவ்ளோ நல்லாப் படிப்பியா?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "படிப்புக்கும் அதுக்கும் இன்னாடா? வூட்லருந்து வந்து போனா டே ஸ்காலர். இது கூடத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை ஓடினேன். சொல்லிவிடத்தான் ஓடினேன், அது உண்மை. படிவம் இன்னும் தபாலில் போகவில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டு வாசலில் அத்தை யாரோ விருந்தாளியிடம், "இந்தப் புள்ளதான் இங்கிலீஷ்ல படிச்சிக் கண்டுபுடிச்சது" என்று என்னைக் காட்டினாள். உள்ளே அக்கா சோற்றுப் பருக்கையை நசுக்கி உறையின் ஓரத்தில் தடவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா, இப்படி மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்ல. ஒட்டிட்டியா?"

"ஒட்டப் போறேன். எதுனா மாத்தணுமா?"

அவள் கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்து, "இல்ல" என்றேன். தப்பாகப் படித்தவன் என்று தெரு சிரிக்குமே என்ற வெட்கம் ஒரு பக்கம். கான்வென்ட் போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். எது அதிகம் என்று எனக்கு இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவள் உறையை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள்.

இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்த நாளில் எங்கள் வீட்டில் யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினோம். கல்லூரியில் சேர அப்பாவும் அக்காவும் கிளம்பினார்கள். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். எனக்கு அதுதான் முதல் ரயில். ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் உரக்கப் படித்தேன். அப்பா எதிரில் இருந்தவரிடம், "பொண்ணு ஸ்காலருங்க" என்று அறிமுகம் செய்துவைத்தார்.

கல்லூரியில் அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்ததும் அப்பா குனிந்து, "ஹாஸ்டல் எந்தப் பக்கம்மா?" என்றார்.

உள்ளே இருந்த அம்மாள் படிவத்தைப் பார்த்தாள். "ஹாஸ்டல் கேக்கலியே நீங்க. டே ஸ்காலர்னுதானே போட்டிருக்கு."

"ஆமாம்மா. ஸ்காலரு. எல்லாம் இலவசம்தானே?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினாள். கடைசியில், "பரவால்ல, இன்னும் ரெண்டு இடம் இருக்கு. வார்டனைப் பாத்து இன்னிக்கே மாத்தி எழுதிக் குடுத்துடுங்க" என்றாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "இன்னாடா இது? உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுப்பா" என்றேன். அது பொய். என் வாழ்க்கையில் வேறு பொய்களும் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு சுலபமாக எதுவும் வந்ததில்லை.

 அப்பா, "சரி, வார்டன் ரூம் எங்க கீது? மாத்திடலாம். இவன நம்ம ஊரு ஸ்கூல்ல வுட்டுக்கலாம்" என்றார். 

அக்கா அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"வேணாம்பா. நான் வூட்லருந்தே வந்து போறேன். அஞ்சு அம்பதுக்கு நம்ம ஊர்ல பஸ்ஸு. ஏழு பத்துக்குத் தாம்பரம். ஏழு இருவத்தஞ்சு ரயிலப் புடிச்சா எட்டு அஞ்சுக்கு இங்க எறங்கிடலாம், அப்புறம் பத்து நிமிசம் நடைதான். சாயங்காலம் நாலு நாப்பது வண்டியில ஏறினா வெளக்கு வெச்ச கொஞ்ச நேரத்துல வூடு. மழை நாள்ல மட்டும் கொஞ்சம் லேட்டாவும்."

ஜன்னலுக்குள் இருந்த அம்மாளே அசந்துபோய், "நல்ல பொண்ணு" என்றாள். அப்பா கையெழுத்துப் போட்டார். எனக்கோ தாங்க முடியாத சந்தோஷம். என் கான்வென்ட் போகவில்லை. என்னை யாரும் அடிக்கவில்லை. அக்கா தினமும் ரயிலில் போகப் போகிறாள், தினமும் ராத்திரி வீட்டுக்கும் வந்துவிடுவாள். திரும்பும்போது ஜன்னலோர இடத்தை அவள் எனக்கே கொடுத்தாள். நான் ஸ்டேஷன் பெயர்களை இந்த முறை தலைகீழ் வரிசையில் உரக்கப் படித்துக்கொண்டே வந்தேன்.

அவளுக்கும் அன்றுதான் முதல் ரயில். அத்தனை நேரங்களையும் அவள் எப்போது, யாரிடம் விசாரித்து மனப்பாடம் செய்துவைத்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.