ரோஸ் நிறத்தில் ஒரு கல்யாணக் கவுன்

ஆனியில் நிச்சயம் முடிந்தது. ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆவணி வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதுவரை பெண்ணும் பையனும் பார்த்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

அவள் வீடு ஆவடியில், என் வீடு நூம்பலில். ஆனால் இருவருக்கும் வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில்தான். அவள் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை செய்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு பட்டறையில் நான் ஸ்டோர் கிளார்க். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். என்னை நாலு பேர் தப்பாகப் பேசிவிடக் கூடாதென்று, காலையில் அவள் வரும் ரயில் நேரத்தில் ஸ்டேஷன் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன். சாயங்காலம் மட்டும் ஸ்டோர் ஜன்னலில் நிற்பேன். ஷிப்ட் முடிந்து பெண்கள் கும்பலாக நடந்து போவார்கள். அதில் எந்தத் தலை அவளுடையது என்று தேடுவேன். ஒரு நாளும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

கல்யாணத் துணி மாப்பிள்ளை வீட்டுச் செலவு, தைத்துக் கொடுப்பதும் எங்கள் பொறுப்பு. அதற்காக அவள் அப்பா ஒரு மஞ்சள் பையில் அளவு ஜாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார். புதுசு போல இருந்தது. பிரித்தபோது உள்ளே நான்காக மடித்த கோடு போட்ட தாள். பென்சிலில் ஒரு படம், அடியில் நாலு வரி.

"வெளிநாட்டுக் கல்யாணத்துக்கு நாங்க தைக்கிற கவுன் இது. நான் இடுப்புப் பட்டி மட்டும் வெப்பேன். முழுசா ஒண்ணு போட்டுப் பாக்கணும்னு ஆசை. வெள்ளை வேணாம், ரோஸ் போதும். கீழ பட்டு பார்டர், தோள்ல முந்தானை வெச்சா உங்க அம்மாவுக்கும் புடிக்கும். முடியலேன்னா பரவாயில்ல."

அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். கடைசி வரியைத்தான் அதிகம் தடவை படித்தேன்.

அம்மாவிடம் படத்தைக் காட்டினேன்.

"கவுனா? கல்யாணப் பொண்ணு கவுன் போட்டுக்கினு நிக்க அவ இன்னா கொயந்தையா?"

"முகூர்த்தத்துக்கு நீ எடுக்கிற புடவைதாம்மா. ரிசப்ஷனுக்கு மட்டும் இது."

"இப்பவே அவ பக்கம் பேசறியா? நல்லாக் கீதுடா!"

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் பூந்தமல்லிக் கடையில் ரோஸ் சாட்டின் எடுத்தபோது, அம்மாவே மாங்காய் போட்ட பார்டரைப் பிடிவாதமாகத் தேடி எடுத்தாள். கூடவே ஒரு அரக்குப் பட்டுப் புடவையும் வாங்கினாள். "எதுக்கும் இருக்கட்டும்."

குமணன்சாவடி டெய்லர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, மேல கவுனு, கீய பட்டுப் பாவாட, தோள்ல முந்தானி. மூணு பொண்ணுக்குத் தைக்கிறத ஒர்த்திக்கே தைக்கச் சொல்றியே!" சிரித்துவிட்டு ஜாக்கெட்டை அளந்தார். "பொண்ணு கொஞ்சம் பூசினாப்பல இருக்குமோ?"

அவளை நான் ஒரே முறை, புடவையில், பத்தடி தூரத்தில் பார்த்தவன். ஒல்லி என்றுதான் நினைவு. ஆனாலும் சொன்னேன்: "அளவுதான் கைல இருக்கே அண்ணாத்தே. ஒரு நூல் கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

எங்கள் வீட்டு வழக்கப்படி கவுனையும் அரக்குப் பட்டையும் தட்டில் வைத்து ரிசப்ஷன் அன்று மண்டபத்தில்தான் கொடுத்தோம். மேடையில் நான் மாலையோடு நின்றுகொண்டிருந்தேன். வெகு நேரம் கழித்து அவளைக் கூட்டிவந்தார்கள். அரக்குப் பட்டு.

போட்டோக்காரர் விளக்கைச் சரிசெய்யும் சமயத்தில், முன்னால் பார்த்தபடியே கேட்டேன். "டிரஸ் புடிக்கலையா?"

"புடிக்கலையாவா?" குரல் உடைந்தது. "அந்த ஜாக்கெட்டு எங்க அக்காவோடது. என்னோடது எல்லாம் அக்குள்ல கியிஞ்சி கீது. அத எப்பிடி உங்க ஊட்டுக்கு அனுப்பறது? தாராளமா இருந்தா நானே புடிச்சிக்கலாம்னு நெனச்சேன். இங்கதான் குடுப்பீங்கன்னு தெரியல. பொடவ ஜாக்கெட்டுக்கு ஊக்கு போதும். இதுல குத்திப் பாத்தோம், கையத் தூக்கினா எறங்குது." பிறகு மெதுவாக, "ஒரு மிஷின் இருந்தா அரமணி நேரம்."

டெய்லர் கடை பஸ்ஸில் பத்து நிமிஷம். எதிரே கையில் மொய்க் கவரோடு வரிசை நின்றது. "சிரிங்க சார்" என்றார் போட்டோக்காரர். நான் சிரித்தேன். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் அவள் அந்தக் கவுனைப் பிரித்துச் சரிசெய்தாள். விருந்துக்கு ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பெட்டியிலிருந்து எடுப்பாள். "இத்தப் போட்டுக்கினு அவங்க ஊட்டுக்கா?" என்று அவளே திரும்ப மடித்து வைப்பாள். ஒரே அறை வீடு, அம்மா எப்போதும் இருப்பாள். எனக்காக மட்டும் போட்டுக்காட்டு என்று கேட்க எனக்கு வெட்கம்.

அவளுக்கு லீவாயிருந்த ஒரு நாள் வேலை முடிந்து வந்தேன். அம்மா ரேஷனுக்குப் போய்வந்திருந்தாள். அதுவரை வீட்டில் தனியாக இருந்த அவள் தலையில் பூ புதிதாக இருந்தது, கண்ணில் மை. கட்டியிருந்தது வீட்டுச் சேலைதான்.

"போட்டுப் பாத்தியா?" என்றேன், அம்மாவுக்குக் கேட்காமல்.

"உம்."

"எப்பிடி இருந்துச்சி?"

"நல்லாத்தான் இருந்துச்சி" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.