ஜம்பு போட்ட வாடகைக் கணக்கு

எழுபத்தாறில் டில்லி ஜனக்புரியில் தவணைக்கு வீடு கிடைத்ததும், மோதி பாக் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்த ஜம்புநாதன் ஒரு கணக்குப் போட்டார். வாடகை நானூறு. தவணை இருநூற்றறுபது. வரி, ரிப்பேர் என்று நாற்பது போனாலும் மாதம் நூறு மிச்சம். ரிடயராவதற்குள் தவணை தீர்ந்துவிடும், சொந்த வீட்டுக்குப் போய்விடலாம். ஆஹா, என்ன அழகான கணக்கு! குடிவரப்போவது ஒரு மனுஷன் என்பதை மட்டும் மனுஷர் அதில் சேர்க்கவில்லை.

முதலில் வந்து கேட்டவள் பாளையங்கோட்டை நர்ஸ் செலின். "மூணு மாச அட்வான்ஸ் இப்பமே தாரேன் ஸார்" என்றாள். மீன் சமைப்பாளே! பார்க்கலாம் என்றார் ஜம்பு, பார்க்கவேயில்லை. அவள் நேர் மேல்மாடியில், ஒரு பஞ்சாபிக்காரர் வீட்டில் குடியேறினாள். ஜம்புவின் வீட்டுக்கு, அவர் மனைவி ருக்குவின் ஒன்றுவிட்ட தம்பி வைத்தி வந்தான்.

"என் தம்பியா இருந்தா என்ன, அட்வான்ஸ் வாங்குங்கோ" என்றாள் ருக்கு.

"சீ, நம்ம மனுஷாகிட்டயா?"

வைத்தி வாடகை தராத மாதம் கிடையாது. முழுசாகத் தந்த மாதமும் கிடையாது.

"குழாய் ஒழுகித்து அத்திம்பேர். பிளம்பருக்குக் குடுத்ததைக் கழிச்சுண்டேன்."

அடுத்த மாதம் சுவரில் ஓதம். அப்புறம் தீபாவளிக்கு வெள்ளையடிப்பு. ஒவ்வொரு தடவையும் கூடவே ஒரு டம்ளர் காப்பி. அதைக் குடித்துவிட்டு எப்படிக் கத்துவது? எண்பத்திரண்டில் ஏஷியாட் விளையாட்டுப் போட்டி வந்து அக்கம்பக்கத்து வாடகையெல்லாம் இரட்டிப்பாயிற்று; இந்த நானூறு மட்டும் இம்மி அசையவில்லை. கைக்காசு போட்டுத் தவணை கட்டிக் கட்டி ஜம்புவுக்கு வயிறு எரிந்தது.

எண்பத்துநாலில் ரிடயரானார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். வைத்தியிடம் போய் நின்றார்.

"பெரியவ பன்னண்டாவது, அத்திம்பேர். பரீட்சை முடியட்டுமே."

"அப்பறம்?"

"சின்னவ பத்தாவது வந்துடுவா."

கேஸ் போடச் சொன்னார்கள் ஆபீஸ் நண்பர்கள். மச்சினனைக் கோர்ட்டுக்கு இழுத்தால் சொந்த ஊர் மாயவரத்தில் தலைகாட்ட முடியுமா? கர்மம், கர்மம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தச் சமயம் செலினுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. மேல்மாடி காலியாயிற்று. வாடகை எண்ணூறு, மூன்று மாத அட்வான்ஸ் என்றார் பஞ்சாபிக்காரர். ஜம்பு எண்ணிக் கொடுத்தார். சாவியைச் செலினே கொண்டுவந்தாள்.

"மீன் வாடை இல்லாம நல்லாக் கழுவி விட்டிருக்கேன் ஸார்."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ருக்குதான் சாவியை வாங்கிக்கொண்டாள்.

ஒன்றாம் தேதி வைத்தி காப்பியோடு மாடியேறி வந்தான். வாடகையில் ஐம்பது குறைந்தது.

"இப்ப என்னடா?"

"உங்க பாத்ரூம் தண்ணி எங்க சமையல்கட்டுல சொட்டறது அத்திம்பேர். ஆளைக் கூப்பிட்டுப் பூசினேன். கழிச்சுண்டேன்."

ஜம்பு காப்பியை வாங்கிக் குடித்தார். அது வழக்கம்போல நன்றாகவே இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.