கிரீன்வுட் பெயரில் ஒரு மெட்டு

1884 ஜனவரி ஏழாம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டரை மணிக்கு ஆம்ப்ரோஸ் ஹெல்லிவெல்லை முதன்முதலில் சந்தித்தேன். இங்கிலாந்தில், ஹாலிஃபாக்ஸ் நகருக்கு மேலேயுள்ள எங்கள் பள்ளியில் அவர் பாட்டு வாத்தியார். நான் சிறுபிள்ளைகளின் ஆசிரியை. அடுப்பருகே நனைந்த காலுறைகளை உலர்த்திக்கொண்டிருந்தவர், "உக்காருங்க, மிஸ் சட்கிளிஃப். நிக்கிறதுக்கு நாள் பூரா இருக்கு," என்றார்.

அவருடைய மாணவர்களில் பாதிப்பேர் காலையில் ஆலையில் உழைத்துவிட்டு மதியம் பள்ளிக்கு வருபவர்கள். அவர் ஸ்வரப் பலகையைக் கோலால் தொடும்போதே உறங்கிவிடுவார்கள், எழுப்பமாட்டார். கம்பளித் தூசி அடைத்த அந்த நெஞ்சுகளுக்காக, அடிகளின் நடுவே மூச்சுக்கு இடம் விட்டே மெட்டமைப்பார். அப்படியொரு மெட்டைத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் கிரீன்வுட், பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிப் போனார். அவர் பள்ளி நிர்வாகக் குழுவிலும் இருந்தவர்.

ஆண்டுதோறும் அரசு ஆய்வாளர் வருவார். அறியாத மெட்டைப் பிள்ளைகள் ஸ்வரம் பார்த்துப் பாடினால் முழு மானியம்; கேள்வி ஞானத்தில் பாடினால் பாதி. இம்முறையும் பாதிதான் என்றால் ஹெல்லிவெல்லுக்கு வேலை இல்லை என்று குழு சொல்லிவிட்டது.

மார்ச்சில் வந்த ஆய்வாளர், புதிதாக அச்சான பாட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு மெட்டைப் பலகையில் எழுதினார். மேலே கிரீன்வுட்டின் பெயர். மெட்டு ஹெல்லிவெல்லுடையது, மூச்சிடங்கள் மட்டும் நீக்கப்பட்டிருந்தன. பிள்ளைகளோ பழகியபடியே நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிப் பாடினார்கள்.

"பலகையில நிறுத்தமே இல்லையே. இதுங்க எதையும் பார்த்துப் பாடல," என்றார் ஆய்வாளர்.

ஜன்னலோரம் நின்ற கிரீன்வுட்டின் முகம் வெளுத்தது.

"தெரிஞ்ச மெட்டுங்கய்யா. வேற ஒண்ணு எழுதுங்க," என்றார் ஹெல்லிவெல்.

"புத்தகமே போன மாசந்தான் வந்துச்சு. எப்படித் தெரியும்?"

"நல்ல மெட்டுக்குக் கால் உண்டுங்கய்யா. அதுவா நடந்து வந்துடும்."

ஆய்வாளர் சிரித்துவிட்டு வேறொன்றை எழுதினார். பிள்ளைகள் தட்டுத்தடுமாறினாலும் பிழையின்றிப் பாடி முடித்தார்கள். முழு மானியமும் கிடைத்தது. அவருடைய வேலையும் நிலைத்தது.

"உங்க மெட்டுன்னு ஏன் சொல்லல?" என்று படிக்கட்டில் கேட்டேன்.

"சொன்னா சாயங்காலம் பூரா விளக்கணும், மிஸ். கால் கடுக்குது."

பின்னாலேயே இறங்கி வந்த கிரீன்வுட், "உங்களுக்குக் கடன்பட்டிருக்கேன், ஹெல்லிவெல். அடுத்த பதிப்புல உங்க பேரைப் போட்டுடறேன்," என்றார்.

"சரிங்க," என்று தொப்பியை மாட்டிக்கொண்டார் இவர்.

அடுத்த பதிப்பு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. பெயர் மாறவில்லை. இறக்கும்வரை ஏழாண்டுகள் ஞாயிறுதோறும் கிரீன்வுட்டின் ஆர்கனுக்குப் பாடிய ஹெல்லிவெல், அந்தக் கடனை ஒருமுறையும் கேட்கவில்லை.