மூலையில் நின்ற கொலைகாரன்

ராஜபாளையத்தில் நூல் மில் ஒன்றில் வேலை பார்க்கிறேன். முகமூடிக் கொலைகாரன் வரும் ஆங்கிலப் படத்தின் இரண்டாம் பாகம் தியேட்டரில் ஒரே இருட்டாக இருந்தது. ப்ளூ-ரே டிஸ்க் வந்ததும் வாங்கினேன். இதில் இருட்டுக் காட்சியிலும் சுவரின் விரிசல் வரை தெரிந்தது.

ஞாயிறு மதியம் குடும்பத்தோடு பார்த்தோம். திரையின் இடது மூலையில் கொலைகாரன் கத்தியோடு நின்றதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா மட்டும் அசையவில்லை.

“எங்கலே நிக்கான்? டிஸ்க் வித்தவன் நல்லா ஏமாத்திட்டான் உன்னய.”

“அந்தா மூலையில, பனைமரம் கணக்கா நிக்கானே” என்று அம்மா சிரித்தார்.

தலையை முழுக்கத் திருப்பிய பொறவுதான் அப்பா, “அட, ஆமா” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தினமும் பஞ்சு லாரி ஓட்டுகிறவர். மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூரில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணில் அழுத்தம் கூடி ஓரப் பார்வை குறைந்திருந்தது, இடப்பக்கம் அதிகம். போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார்.

படம் மங்கலாக இருந்திருந்தால் நானும் டிஸ்க்கைத்தான் குறை சொல்லியிருப்பேன். அதை அவ்வளவு துலக்கமாகத் தயாரித்தவர்களுக்கு நன்றி.

அப்பா இப்போது லாரி ஓட்டுவதில்லை. ஷிப்டுக்குக் கிளம்பும் முன் நானே மருந்து விடுகிறேன். கடைவீதிக்குப் போனால் அவருக்கு இடப்பக்கம் நடக்கிறேன்.